புதிய கடிகாரத்தை யார் பழுதுபார்ப்பார்கள்?

பழைய கைக்கடிகாரம் சேர்ப்பதா, இன்றைய ஆடம்பரக் கடிகாரம் வாங்குவதா என்று கேட்கிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: முப்பது வருடம் கழித்து இது நின்றுபோனால் யாரிடம் கொடுப்பீர்கள்? அழகு, கௌரவம், மறுவிற்பனை மதிப்பு எல்லாம் அதற்கு அப்புறம். என்னிடம் இரண்டு வகையும் உண்டு. இரண்டையும் மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்கிறேன். வாங்கிப் பெட்டியில் பூட்டி வைப்பவர்களோடு எனக்கு அதிகம் பேச்சு இல்லை.

பழையவற்றில் நான் அதிகம் கட்டுவது சுவிட்சர்லாந்தின் ஒமேகா நிறுவனம் 1960களில் செய்த கான்ஸ்டலேஷன். விளிம்பில் பன்னிரண்டு பட்டைகளாகச் சரிந்து இறங்கும் முகப்பு, பின்மூடியில் வானாய்வுக்கூடமும் எட்டு நட்சத்திரங்களும் பொறித்த வட்டம், உள்ளே செம்பு நிறத்தில் மின்னும் 561 என்ற இயந்திரம். குறுக்களவு 35 மில்லிமீட்டருக்குள்தான். இன்று கடைகளில் 40, 42 என்று பார்த்துப் பழகியவர்கள் இதைக் கையில் வாங்கியதும் பெண்கள் கடிகாரமா என்று கேட்கிறார்கள். அந்தக் காலத்து ஆண்கள் கட்டிய அளவே இதுதான். சட்டைக் கைக்குள் மறைந்துகொள்ளும் கடிகாரம் என்பதன் சுகம் பெரிய கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு கதவு நிலையில் இடித்துக்கொள்கிறவர்களுக்குத் தெரியாது.

ஆனால் பழைய கடிகாரத்தில் எனக்குப் பாதி இன்பம் வாங்குவதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. அது ஒரு துப்பறியும் வேலை. முதலில் முகப்பு. மீண்டும் பெயின்ட் அடித்து எழுத்துப் பதித்த முகப்பு தூரத்தில் பளிச்சென்று இருக்கும். பூதக்கண்ணாடியை வைத்தால் எழுத்தின் ஓரம் கசிந்திருக்கும். நிமிடக் கோடுகள் மணிக் குறிகளின் நடுவில் வந்து சேராமல் அரை இழை விலகி நிற்கும். ஆறு மணிக்குக் கீழே இருக்கவேண்டிய 'ஸ்விஸ் மேட்' என்ற சொற்கள் இடம் மாறியிருக்கும் அல்லது காணாமலே போயிருக்கும். சேகரிப்பவன் கண்ணுக்குக் கறை படிந்த அசல் முகப்பு, புதுப்பித்த முகப்பைவிட எப்போதும் மேல். வெளியாட்களுக்கு இது புரிவதே இல்லை. பழைய வீட்டுக்கு வெள்ளையடித்தால் மதிப்பு கூடும்தானே என்கிறார்கள். இங்கே வெள்ளையடித்தால் குறையும்.

அடுத்து ஒளிர்பூச்சு, இருட்டில் மணி தெரிவதற்காக முட்களிலும் மணிக் குறிகளிலும் வைப்பது. 1960களுக்கு முன்பு பெரும்பாலும் ரேடியம். பிறகு 1990களின் பிற்பகுதி வரை டிரிடியம். இப்போது கதிரியக்கமே இல்லாத சூப்பர் லுமினோவா. டிரிடியம் போட்ட முகப்பில் பெரும்பாலும் அடியில் 'டி' (T) என்ற ஆங்கில எழுத்து இருக்கும். டிரிடியத்தின் அரை ஆயுள் ஏறக்குறைய 12.3 ஆண்டுகள். அறுபது ஆண்டுப் பழைய கடிகாரத்தில் அது முப்பதில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். ஆகவே 1965ஆம் ஆண்டுக் கடிகாரம் என்று ஒருவர் கொண்டுவந்து நீட்டி, அது இரவெல்லாம் பச்சையாக ஒளிர்ந்தால், யாரோ புதுப் பூச்சு வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ரேடியம் இதற்கு நேர்மாறு. அதன் அரை ஆயுள் 1,600 ஆண்டுகள். கூடக் கலந்திருக்கும் ஒளிரும் பொருள் பட்டுப்போவதால் வெளிச்சம் நின்றுவிடும், கதிரியக்கம் நிற்காது. அப்படிப்பட்ட முகப்பை ஆர்வக் கோளாறில் வீட்டில் சுரண்டிப் பார்க்கக்கூடாது. அந்தத் தூள் மூச்சில் போகக்கூடாத பொருள்.

பிறகு கூடு, அதாவது இயந்திரத்தை மூடியிருக்கும் உலோக உறை. பட்டையைப் பிடித்திருக்கும் நான்கு கொம்புகளைப் பார்த்தால் போதும். ஆலையிலிருந்து வந்தபோது கத்தியாக இருந்த விளிம்பு, ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் கொஞ்சம் கரைந்து கடைசியில் சோப்புக்கட்டி மாதிரி ஆகிவிடும். கீறல் போனால் கவலை இல்லை. உலோகம் போனால் திரும்பி வராது. பளபளப்பான கூட்டைக் காட்டி 'புதுசு மாதிரி இருக்கிறது' என்று விற்பவரைக் கண்டாலே நான் ஓர் அடி தள்ளி நிற்பேன்.

இனி புதியது. ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், 3861 என்ற இயந்திரத்தோடு 2021இல் வந்த மாதிரி. 1965இல் நாசா தேர்ந்தெடுத்து, 1969இல் நிலவுக்குப் போன அதே வரிசை. இன்றும் கையால் சாவி கொடுக்கவேண்டியதுதான். நேரம் காட்டுவதில் பழைய கடிகாரம் இதன் பக்கத்தில் நிற்க முடியாது. இதற்கு வாங்கியிருக்கும் சான்றின்படி ஒரு நாளைக்குப் பூஜ்யத்திலிருந்து ஐந்து விநாடி வரை மட்டுமே முந்தலாம், பிந்தவே கூடாது. 15,000 காஸ் காந்தப்புலத்தையும் தாங்கவேண்டும். என் கான்ஸ்டலேஷனைக் காந்தப் பூட்டு வைத்த கைபேசி உறைக்குப் பக்கத்தில் வைத்தால் ஓட்டத்தைச் சீராக வைக்கும் பேலன்ஸ் சக்கரத்தின் மெல்லிய சுருள்வில்லின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கடிகாரம் தலைதெறிக்க ஓடத் தொடங்கிவிடும். மழைத்தூறலுக்கும் அதைக் கழற்றிப் பைக்குள் போடவேண்டும். புதியதைக் கட்டிக்கொண்டால் இவற்றில் எதையும் நினைக்க வேண்டியதில்லை. பயணத்துக்கு அதுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எனக்குத் தயக்கம் வருவது எந்தக் காரணத்தால் அது இவ்வளவு நன்றாக ஓடுகிறதோ, அதே இடத்தில்தான். அதன் சுருள்வில் சிலிக்கான். 2001இல் உலீஸ் நார்தாங் நிறுவனம் வெளியிட்ட ஃப்ரீக் கடிகாரத்தில்தான் சிலிக்கான் சக்கரங்கள் முதலில் வந்தன. பிறகு படேக் ஃபிலிப், ரோலெக்ஸ், ஒமேகா எல்லோரும் அந்தப் பொருளைக் கையில் எடுத்தார்கள். காந்தம் அண்டாது, எண்ணெய் அதிகம் கேட்காது, வெப்பத்துக்கு அசையாது. ஆனால் அதைக் கணினிச் சில்லு செய்வதுபோலத் தகட்டிலிருந்து அரித்தெடுக்கிறார்கள். வளைந்த உலோகச் சுருளைத் தேர்ந்த கை இடுக்கியால் நிமிர்த்திவிடும். சிலிக்கான் வளைந்து கொடுக்காது, அளவு மீறினால் உடையும். உடைந்தால் செய்தவரிடமிருந்துதான் இன்னொன்று வரவேண்டும். பெரிய நிறுவனங்கள் பலவும் உதிரிபாகங்களைத் தங்கள் அங்கீகாரம் பெற்ற இடங்களுக்கு மட்டுமே கொடுக்கின்றன. என் பழைய கடிகாரங்களைப் பார்க்கிற பெரியவரிடம் 561ஐக் கொடுத்தால், தேய்ந்த அச்சைக் கடைசலில் புதிதாகச் செய்தே போட்டுவிடுவார். 3861ஐக் காட்டியபோது கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார். 'நன்றாக இருக்கிறது, ஆனால் என்னிடம் கொண்டுவராதீர்கள்' என்றார்.

படேக் ஃபிலிப்பும் வாஷெரான் கான்ஸ்டன்டினும் தொடக்க நாள் முதல் தாங்கள் செய்த எந்தக் கடிகாரத்தையும் பழுதுபார்த்துத் தருவதாகச் சொல்கின்றன. 1839, 1755 என்று ஆரம்பித்தவர்கள் சொன்னால் நம்பலாம். அந்த உயரத்தில் வாங்க முடிந்தவர்களுக்கு என் கவலை பொருந்தாது. மற்றவர்களுக்கு, நூறு ஆண்டு உழைக்கும் என்ற விளம்பரப் பேச்சு பழைய உலோக இயந்திரத்துக்குத்தான் அதிகம் பொருந்துகிறது என்பது என் கணக்கு.

இடையில் ஒன்றைச் சொல்லிவிடவேண்டும். பழைய மாதிரிகளை மறுபடி செய்து, புத்தம்புதிய ஒளிர்பூச்சுக்குப் பழுப்பு நிறம் கலந்து விற்கிறார்களே, அது எனக்குப் பிடிக்கவில்லை. 39 மில்லிமீட்டருக்கு இறங்கி வந்தது நல்ல காரியம். வளைந்த கண்ணாடியும் நல்லதுதான். அந்தப் பழுப்பு மட்டும் இளைஞன் தலைக்கு நரை பூசிக்கொண்டு வந்த கதை. வெள்ளையாகவே விட்டிருந்தால் என்ன, நாங்கள் கட்டிப் பழுப்பாக்கிக்கொள்ள மாட்டோமா?

இப்போது கண் வைத்திருப்பது இரண்டுக்கும் நடுவிலான ஒன்று: 861 இயந்திரம் உள்ள 1980களின் ஸ்பீட்மாஸ்டர். 1968இல், அதுவரை ஸ்பீட்மாஸ்டரில் இருந்த 321க்குப் பதிலாக வந்த இயந்திரம் இது. நிலவுக்குப் போன 321தான் உசத்தி என்று சேகரிப்பவர்களில் பலர் 861ஐ ஏளனமாகப் பார்ப்பதுண்டு. எளிமையான அமைப்பு, லெமானியா என்ற இயந்திர நிறுவனத்தின் அடித்தளம், கிடைக்கும் உதிரிபாகங்கள் என்று எனக்கு வேண்டியதெல்லாம் இதில்தான் இருக்கிறது. விற்பவர் அனுப்பிய படத்தில் மணிக் குறிகள் தேன் நிறத்தில் இருக்கின்றன, முட்களில் உள்ள பூச்சு மட்டும் வெள்ளை. எப்போதோ சர்வீஸில் முட்களை மாற்றியிருக்கிறார்கள். நல்ல இடமாக இருந்தால் கழற்றிய பழைய முட்களைச் சிறு உறையில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அந்த உறை இருக்கிறதா என்று தேடிப்பார்க்கச் சொல்லியிருக்கிறேன். இருந்தால் கேட்ட விலை, இல்லையென்றால் பேரம்.