ஒன்பதுக்குள் ஒன்பது

உயர்தர வகுப்பில் எங்களுக்குத் தூய கணிதம் படிப்பித்த சேர், வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் பாடத்திட்டத்தைத் தொடவே மாட்டார். கரும்பலகையில் மாயச் சதுரம் ஒன்றைக் கீறுவார்: 4, 9, 2, கீழே 3, 5, 7, அதற்கும் கீழே 8, 1, 6. எப்படிக் கூட்டினாலும் 15. அதோடு விடமாட்டார். "இனி ஒவ்வொரு பெட்டிக்குள்ளையும் இதே சதுரத்தைப் போடுங்கோ" என்பார். 1 இருந்த பெட்டிக்குள் 1 முதல் 9 வரை, 2 இருந்த பெட்டிக்குள் 10 முதல் 18 வரை என்று அதே ஒழுங்கில் நிரப்பிக்கொண்டு போனால் 81 எண்கள். நிரை, நிரல், மூலைவிட்டம் எல்லாம் 369. சோதினைக்கு இது வராது என்று முணுமுணுத்தவர்களும் உண்டு. அவர்களில் ஒருவர் இந்த மலர்க் குழுவில் இருக்கிறார், பெயர் வேண்டாம்.

2014 ஒக்ரோபரில் கணிதக்காரர்களான மற் பார்க்கரும் லோரா டால்மனும் ஒழுங்குசெய்த 'மெகாமெங்கர்' வேலைக்கு, அதாவது விசிட்டிங் கார்டுகளால் பெரிய மெங்கர் பஞ்சு கட்டும் வேலைக்கு, அட்டை மடிக்க நானும் போனேன். மெங்கர் பஞ்சு என்பது கார்ல் மெங்கர் 1926இல் விவரித்த உருவம். கனசதுரமொன்றை 27 துண்டாக்கி, ஆறு முகங்களின் நடுத்துண்டையும் உள்நடுவையும் எடுத்தால் மிச்சம் 20. அந்த ஒவ்வொன்றிலும் திரும்ப அதே வெட்டு. சேரின் விளையாட்டேதான், இங்கே ஒவ்வொரு முகத்திலும் நடுவிலுள்ள 5இன் பெட்டி மட்டும் ஓட்டை. படிக்குப் படி கனவளவு இருபத்தேழில் இருபது பங்காகச் சுருங்கிப் பூச்சியத்தை நெருங்க, மேற்பரப்போ முடிவிலியை நோக்கிப் போகும்.

விசிட்டிங் கார்டு இரண்டைக் குறுக்காக வைத்து, நீட்டிக்கொண்டிருக்கும் ஓரங்களை மடிக்க வேண்டும். அப்படி ஆறைக் கோத்தால் ஒரு கனசதுரம். பசை கிடையாது. வெளியே நிற்கும் மடல்கள்தான் பக்கத்துக் கனசதுரத்தைப் பிடிக்கும். நூறு மடித்தால் பெருவிரல் நகம் நோகும்.

என் மேசையிலிருந்த பெடியன் மொத்தம் எத்தனை கார்டு வேணும் என்று கேட்டான். பென்சிலை எடுத்தேன். மூன்று தரம் வெட்டிய மூன்றாம் படிக்கு 20 × 20 × 20, அதாவது 8,000 கனசதுரம், ஆகவே 48,000 கார்டு. வெளியே தெரியும் 18,048 முகங்களை மூட இன்னும் அத்தனை. கூட்டினால் 66,048. 2005இல் அமெரிக்காவில் ஜெனின் மோஸ்லி கட்டி முடித்த பஞ்சின் கணக்கும் இதுவே.

"அப்ப நாலாம் படி?" இருபது மடங்கு கனசதுரம், அதாவது 160,000. அதை ஒரே இடத்தில் அடுக்கினால் அடியிலுள்ள கார்டுகள் பாரத்தில் நசுங்கிவிடும். அதனாலேதான் உலகில் 20 இடங்களில், இடத்துக்கொரு மூன்றாம் படியாகப் பிரித்துக் கட்டினார்கள்.