டிகோடர் லைப்ரரிக்கு டாக்குமென்டேஷன் எழுதிய கதை

நாகர்கோவிலில் நாங்கள் சில பேர் சேர்ந்து டைப்ஸ்கிரிப்டில் எழுதிய டிகோடர் லைப்ரரி அது. ஜாவாஸ்கிரிப்டோடு டைப்புகள் சேர்ந்த மொழிதான் டைப்ஸ்கிரிப்ட்; ஒரு மதிப்பு எண்ணா, ஸ்ட்ரிங்கா (எழுத்துத் தொடரா) என்று சொல்வது டைப். ஏபிஐ, அதாவது இன்னொரு புரோகிராம், அனுப்பும் ஜேசன் (எழுத்து வடிவத் தரவு) நாம் சொன்ன வடிவத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்கும். சரியென்றால் டைப்போடு கையில் தரும். இல்லையென்றால் எந்த இடத்தில் பிசகு என்று சொல்லும். புரோகிராமை எல்லோரும் பங்குபோட்டு எழுதினோம், டாக்குமென்டேஷன் மட்டும் என் தலையில் விழுந்தது.

கோடிலிருந்தே டாக்குமென்டேஷன் உருவாக்கும் டைப்டாக் கருவியை ஓட்டினால் ஃபங்ஷன் பக்கங்கள் தானாக வந்துவிடும். தக்கலையிலிருந்து புதிதாக வேலைக்கு வந்த தம்பி அவற்றைப் பொறுமையாகப் படித்துவிட்டு, "அண்ணே, டைப்புதான் எழுதியாச்சே, அப்புறம் டிகோடர் எதுக்கு?" என்றான். நியாயமான கேள்வி. பதிலையே முதல் பக்கமாக வைத்தேன்: டைப்புகள் கம்பைல் ஆனதும், அதாவது கோட் ஜாவாஸ்கிரிப்டாக மாறியதும், காணாமல் போய்விடும். ஜேசனைப் படித்து மதிப்பாக மாற்றும் ஜேசன்.பார்ஸ் தருவது 'எனி', எதுவாகவும் இருக்கலாம் என்ற டைப். அதன்மேல் எந்த டைப்பை ஒட்டினாலும் கம்பைலர் வாய் திறக்காது. அதனால்தான் எங்கள் டிகோடர் 'அன்னோன்' வாங்குகிறது. 2018-இல் டைப்ஸ்கிரிப்ட் 3.0-இல் வந்த இந்த டைப், உள்ளே இருப்பதைச் சோதிக்காமல் நம்மைத் தொடவிடாது.

உதாரணத்துக்குத் தோவாளை பூச்சந்தை விலையை வைத்து ஒரு கற்பனை ஜேசன் எழுதினேன். பிச்சிக்கு விலை என்ற ஃபீல்டே இல்லை. மல்லிக்கு ஃபீல்டு இருக்கிறது, மதிப்பு நல் (காலி). அரளிக்கு 0. மூன்றையும் ஒன்றாக நினைப்பவர்கள்தான் அதிகம். ஃபீல்டே வராமல் போகலாம் என்றால் ஆப்ஷனல், நல் வரலாம் என்றால் நல்லபிள், இரண்டும் நடக்கும் என்றால் இரண்டையும் போட வேண்டும். 0-வைத் தவறென்று எந்த டைப்பும் பிடிக்காது, அதுவும் எண்தானே! சும்மா யாரும் அரளி தரமாட்டார்கள் என்பதை நாம்தான் தனி நிபந்தனையாக எழுத வேண்டும். அதிக நேரம் பிடித்தது இந்தப் பகுதிக்குத்தான்.

அடுத்து பிழைச் செய்திகள். டாக்குமென்டேஷனைத் தேடி வருகிறவர் கையில் பெரும்பாலும் ஒரு பிழைச் செய்திதான் இருக்கும், ஃபங்ஷன் பெயர் இருக்காது. அதனால் "பூக்கள்[2].விலை: எண் வேண்டும், வந்தது ஸ்ட்ரிங்" போன்ற செய்திகளை அப்படியே தலைப்பாக்கி, கீழே காரணத்தையும் தீர்வையும் எழுதினேன்.

லைப்ரரியால் முடியாததற்கும் ஒரு பக்கம் ஒதுக்கினேன். அதை விளம்பரக் குறைவு என்று சிலர் முனகினார்கள், நான் விடவில்லை. ஜாவாஸ்கிரிப்ட் பிசகாமல் வைத்துக்கொள்ளும் முழு எண்ணின் எல்லையான 9007199254740991-ஐத் தாண்டிய ஐடி எண்ணாக வந்தால், டிகோடரிடம் வருவதற்கு முன்பே ஜேசன்.பார்ஸில் கடைசி இலக்கங்கள் மாறிவிடலாம். அனுப்புபவரிடம் ஸ்ட்ரிங்காகக் கேட்டு வாங்குவதுதான் வழி. ஜேசனில் தேதிக்கென்று தனி டைப் கிடையாது, அதையும் ஸ்ட்ரிங்காக வாங்கித்தான் மாற்ற வேண்டும்.

பக்கங்களில் உள்ள கோட் துண்டுகளையெல்லாம் பிரித்தெடுத்து டெஸ்ட்டோடு சேர்த்து ஓட்டுகிறோம். ஒரு ஃபங்ஷன் பெயரை மாற்றினால் பழைய பெயர் இருக்கும் பக்கம் பில்டிலேயே சிவப்பாகிவிடும். அதைத் திருத்தாமல் யாரும் தங்கள் மாற்றத்தை மெர்ஜ் செய்ய, அதாவது பொதுக் கோடில் சேர்க்க, முடியாது.