பூ இல்லாத கை

ஒரு நோட்டு முழுக்கச் சிலைகளின் கைகளை மட்டும் வரைந்து வைத்திருக்கிறேன். எனக்கு முகம் வரைய வராது என்பதுதான் காரணம். கைக்கு ஜாடை பார்க்க வேண்டியதில்லையே என்று நினைத்தேன். தப்புக் கணக்கு.

சோழர் காலத்து உமையின் செப்புத் திருமேனி ஒன்றின் வலது கையை வரைந்து, கீழே 'சின்முத்திரை' என்று பெருமையாக எழுதி அம்மாவிடம் நீட்டினேன். அம்மா பல வருடம் உற்சவருக்குப் பூத் தொடுத்தவர். "இது பூ வைக்கிற கை. இதில் போய் ஞானத்தை எழுதி வைத்திருக்கிறாயே!" என்றார்.

மறுபடி பார்த்தேன். சின்முத்திரையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் தொட்டுக்கொள்ளும். மற்ற மூன்றும் விலகி நீளும். தட்சிணாமூர்த்தியின் கை அது. கட்டைவிரல் இறைவன், ஆள்காட்டி விரல் உயிர், விலகி நிற்பவை ஆணவம், கன்மம், மாயை என்று சைவர்கள் விளக்குவார்கள். நான் வரைந்ததோ கடக முத்திரை. விரல்கள் உள்ளே வளைந்து, நடுவில் ஒரு காம்பு நுழையும் அளவுக்கு இடம். சிற்பி வேண்டுமென்றே விட்டது. கோயிலில் அங்கே பூவைச் செருகுவார்கள். அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் அது வெறும் ஓட்டை.

அன்று முதல் கைகளில் இல்லாததைத் தேடுவதே வேலையாகிவிட்டது. தஞ்சாவூர் கலைக்கூடத்தில் திருவெண்காட்டு ரிஷபவாகன தேவர் இருக்கிறார். 1011-ஆம் ஆண்டுத் திருமேனி. கால்களைப் பின்னிக்கொண்டு, ஒரு கையைக் காளைமேல் சாய்த்து நிற்கிறார். காளைதான் இல்லை. ஆனாலும் அந்தக் கை மடங்கியிருக்கும் உயரத்தை வைத்தே காளையின் உயரத்தைச் சொல்லிவிடலாம். எனக்கென்னவோ காளை இருந்திருந்தால் அந்தக் கையை இத்தனை நேரம் பார்த்திருக்க மாட்டேன்.

புத்தருக்குப் பூவும் வேண்டாம், காளையும் வேண்டாம். பூமிஸ்பரிச முத்திரையில் வலது கை முழங்கால்மேல் தவழ்ந்து தரையை நோக்கி இறங்குகிறது. தவத்தைக் கலைக்க வந்த மாரன் சாட்சி கேட்டபோது பூமியையே தொட்டுக் காட்டிய கை. சுலபம் என்று உட்கார்ந்தவன் நான்கு தாள்களைக் கிழித்தேன். விரலைக் கொஞ்சம் அழுத்தி வரைந்தால் எழுந்திருக்கக் கை ஊன்றுவதுபோல் ஆகிவிடுகிறது. தளர்த்தினால் தூங்கிப்போனவர் கைபோல் தொங்குகிறது.

கடைசியில் உமையின் கைக்கே திரும்பினேன். இம்முறை பெயர் எதுவும் எழுதவில்லை. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, என் பென்சில் முனையை அந்த ஓட்டையில் வைத்துப் பார்த்தார்.

"துளசிக் காம்புகூட நுழையாது" என்றார்.