வலிப்புக் குளிசையோடு ஒரு பிள்ளைப்பேறு

வலிப்புக்காரி கர்ப்பம் என்று தெரிந்ததும் வீட்டில் எல்லாருக்கும் வாயில் வந்தது ஒன்றுதான்: "குளிசையை நிப்பாட்டு." நிப்பாட்டாதீங்கோ. திடீரென்று விட்டுப் பெரிய வலிப்பு வந்தால் தாய்க்கும் ஆபத்து, வயிற்றில் உள்ளதுக்கும் ஆபத்து.

எனக்குக் கல்யாணம் பேசும்போதே வல்புரோயேற் என்ற வலிப்புக் குளிசையை மாற்றி லமோட்ரிஜின் என்ற வேறொரு வலிப்புக் குளிசை தந்துவிட்டார்கள். வல்புரோயேற் பிள்ளையின் முதுகெலும்பையும் மூளை வளர்ச்சியையும் பாதிக்கக்கூடியது. ஃபோலிக் அசிட் 5 மில்லிகிராம், மிட்வைஃப் பதிவு, கர்ப்பிணி அட்டை எல்லாம் சுகமாக முடிந்தன. அலைச்சல் நரம்புக் கிளினிக்குக்கும் மகப்பேற்றுக் கிளினிக்குக்கும் நடுவில்தான்.

கர்ப்பத்தில் லமோட்ரிஜின் உடம்பிலிருந்து வேகமாகக் கழியும். பழைய அளவையே போட்டாலும் இரத்தத்தில் குறைந்துவிடும். அதனால் நரம்பு டொக்டர் அளவைக் கூட்டிக் கூட்டி கிளினிக் கொப்பியில் எழுதினார். மகப்பேற்றுக் கிளினிக்கில் அந்தக் கொப்பியை ஒருத்தரும் திறக்கவே இல்லை. "லெட்டர் கொண்டு வாங்க" என்று மேசையில் இருந்தவர் சிங்களத்தில் சொல்லிவிட்டு அடுத்த நம்பரைக் கூப்பிட்டார். வீங்கின காலோடு பஸ் பிடித்துப் போனால், அன்றைக்கு நரம்புக் கிளினிக் நாள் இல்லை! காவலாளிக்குத் தெரிந்தது, என்னை அனுப்பினவருக்குத் தெரியவில்லை.

கடைசியில் கடிதம் கிடைத்தபோது அதிலேயே இன்னொன்றையும் எழுதித் தரச்சொல்லிக் கேட்டேன்: பிள்ளை பிறந்தபிறகு எப்படிக் குறைப்பது என்று. பேறு முடிந்ததும் மருந்து கழிகிற வேகம் பழையபடி குறைந்துவிடும். கூட்டின அளவிலேயே இருந்தால் தலைசுற்று, தள்ளாட்டம், ஒன்று இரண்டாகத் தெரிதல் எல்லாம் வரும். கையில் பச்சைப் பிள்ளையோடு தள்ளாடலாமா? டொக்டர் சிரித்தபடி எழுதித் தந்தார்.

அதுதான் காப்பாற்றியது. வீட்டுக்கு அனுப்பும் துண்டில் கூட்டின அளவே இருந்தது. "டிக்கட்டில் உள்ளதைத்தான் எழுதினோம்" என்று வார்ட்டுப் பதிவு அட்டையைக் காட்டிச் சொன்னா நேர்ஸ் மிஸ். கடிதத்தை நீட்டினேன். இளம் டொக்டர் ஒருவர் வாசித்து, போன் எடுத்துக் கேட்டு, சிவப்புப் பேனையால் வெட்டித் திருத்தினார். தாய்ப்பால் கொடுக்கலாம், பிள்ளை அளவுக்கு மீறித் தூங்கினால், பால் குடிக்காவிட்டால் உடனே காட்டுங்கோ என்றும் அவரே சொன்னார்.

பாமசியில் பெட்டியின் பெயரைப் பாருங்கோ, வேறு கம்பனிக் குளிசை தந்தால் டொக்டரிடம் கேட்காமல் மாற்றாதீங்கோ. கடிதத்துக்கு போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கோ. என் அசலை வாங்கி ஃபைலில் வைத்தவர்கள் திருப்பித் தரவே இல்லை.