ஆர்டர் 7 ரூல் 11: எங்கள் வயலுக்கு வந்த இரண்டாவது வழக்கு

பாபநாசம் பக்கம், குடமுருட்டிப் பாசனத்தில் அப்பா கிரயம் வாங்கிய வயல் அது. விற்றவர் எங்கள் பங்காளி. 2006-ல் அவர் ஒரு வழக்குப் போட்டார்: அது கிரயமே இல்லை, வாங்கிய கடனுக்கு ஈடாக எழுதிக்கொடுத்தது என்று. முன்சீப் கோர்ட்டிலும் அப்பீலிலும் தள்ளுபடி ஆனது. பல வருஷம் கழித்து, அதே பத்திரம் செல்லாது என்று கோர்ட் அறிவிக்க வேண்டும் (விளம்புகை) என்று அவர் கேட்ட வழக்கில் மறுபடியும் சம்மன் வந்தது. கூடவே அறுவடைக்குத் தடை கேட்டு ஒரு ஐ.ஏ., அதாவது இடைக்கால மனு.

இந்த மாதிரி வழக்கு ஜெயிப்பதற்காகப் போடப்படுவதில்லை. கோர்ட்டில் வழக்குக்கு நம்பர் ஆனாலே போதும், நிலத்துக்குத் 'தாவா சொத்து' என்று பேர் வந்துவிடும். வாங்குகிறவன் ஒதுங்குவான், கடன் கொடுக்கிறவன் தயங்குவான். கொஞ்ச நாளில், "ஏதாவது கொடுத்து முடிச்சுக்கங்க" என்று ஒருவர் வந்து பேசுவார். எங்கள் வீட்டுக்கும் வந்தார். அப்பாவுக்கு எழுபது வயசுக்கு மேல். "கொடுத்துடலாம்பா" என்று அவர் சொன்னபோது எனக்குத் தாங்கவில்லை.

எங்கள் வக்கீல், நம் பதிலான எதிருரைக்கு முன்பே, பிராதை (வாதியின் வழக்கு மனுவை) நிராகரிக்கச் சொல்லி மனுப் போடலாம் என்றார். சிவில் நடைமுறைச் சட்டம் ஆர்டர் 7 ரூல் 11. வழக்குமூலம் (வழக்குப் போடுவதற்கான காரணம்) இல்லாவிட்டாலோ, வழக்கு சட்டத்தால் தடைப்பட்டிருந்தாலோ, சாட்சி விசாரணைக்கே போகாமல் பிராதைத் தள்ளிவிடலாம். ஆனால் கோர்ட் பிராதையும் வாதி தாக்கல் செய்த ஆவணங்களையும் மட்டும்தான் பார்க்கும். நம் கையில் இருக்கும் பட்டா, அடங்கல், ரசீது எதற்கும் அங்கே வேலை இல்லை. முந்தைய தீர்ப்பால் இந்த வழக்குக்குத் தடை என்ற வாதம்கூடப் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில் எடுபடாது.

அதனால் வக்கீல் ஆபீஸில் உட்கார்ந்து அவர்கள் பிராதையே வரிவரியாகப் படித்தோம். "வழக்குமூலமானது பட்டா மாற்றத்தை அறிந்த தேதியில் உற்பத்தியானது" என்று, வழக்குப் போட்டதற்கு முந்தின மாசத் தேதி போட்டிருந்தது. ஆவணப் பட்டியலில் நாலாவதாக 2006 வழக்கின் பிராது நகல். அதில் அவரே அந்தப் பத்திரத்தைப் பற்றி எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார். விளம்புகை கேட்கவும் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கவும் காலவரையறைச் சட்டத்தில் மூன்று வருஷம்தான் கெடு. பத்திரம் 2006-லேயே அவருக்குத் தெரியும் என்பதால், அவர் சேர்த்த தாளே கெடு தாண்டியதைக் காட்டியது.

காலக்கெடுவை விசாரணையில்தான் முடிவு செய்ய வேண்டும் என்று எதிர்த்தரப்பு வாதாடியது. எங்கள் வக்கீல் 1977-ல் நீதிபதி கிருஷ்ண அய்யர் எழுதிய சுப்ரீம் கோர்ட் தீர்ப்பை வைத்தார். பிராதைச் சடங்குக்குப் படிக்காமல் பொருள் புரிந்து படிக்க வேண்டும், சாமர்த்தியமான எழுத்தால் இல்லாத வழக்குமூலத்தை இருப்பதுபோல் காட்டியிருந்தால் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும் என்கிறது அது. பல வாய்தா ஓடியபின் பிராது நிராகரிக்கப்பட்டது. உத்தரவைக் கேட்டதும் அப்பா பெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பொய் வழக்குக்கு ஈட்டுத்தொகை கேட்கும், சிவில் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு 35-ஏ படியும் முன்னாலேயே ஆட்சேபம் எழுதியிருந்தோம். கிடைத்தது உச்சவரம்பான 3,000 ரூபாய். அந்த வரம்பு காலத்துக்குப் பொருந்தாது என்று சுப்ரீம் கோர்ட்டே 2010-ல் சொல்லியிருக்கிறது. 2015-ன் வணிக நீதிமன்றங்கள் சட்டத்தில் வணிக வழக்குகளுக்கு மட்டும் வரம்பை எடுத்துவிட்டார்கள். வயலுக்காக அலைகிறவனுக்கு மட்டும் ஏன் இன்னும் அதே 3,000? எனக்கு இது அநியாயமாகத்தான் படுகிறது. வழக்குப் போடுவதையே தொழிலாக வைத்திருப்பவர்களைத் தடுக்க 1949-லேயே சென்னை மாகாணத்தில் தனிச் சட்டம் வந்தது. ஆனால் அதற்கு அரசின் தலைமை வக்கீலான அட்வகேட் ஜெனரல் ஹைகோர்ட்டில் மனுச் செய்ய வேண்டும். எங்களைப் போன்றவர்களுக்கு அது எட்டாத தூரம்.

பிராது நிராகரிப்பும் டிகிரிக்கு (கோர்ட்டின் தீர்ப்பாணைக்கு) சமம் என்பதால் அவர் அப்பீல் போகலாம். நம்மைக் கேட்காமல் தடையுத்தரவு வாங்கிவிடக் கூடாது என்று சப்கோர்ட்டில் கேவியட் போட்டு, நகலை அவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். கேவியட் 90 நாள்தான் செல்லும். அதற்குள் அப்பீல் வராவிட்டாலும், தாமதத்தை மன்னிக்கச் சொல்லிப் பின்னால் வரலாம் என்பதால் இன்னொன்று போடச் சொல்லியிருக்கிறார் வக்கீல்.