ஏழு எழுத்து, நாற்பத்திரண்டு பைட்: செபோலியாவில் ஒரு பால் கணக்கு

பாலக்காடு மாவட்டத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைதான் என் ஊர். வீட்டில் தமிழ், அலுவலகத் தாள்களில் மலையாளம், கணினியில் ஆங்கிலம் என்று மூன்றிலும் புழங்கும் எனக்கு, பிளாக்செயின் (பல கணினிகளில் ஒரே பதிவேட்டைப் பகிர்ந்து, எழுதியதை அழிக்க முடியாதபடி வைக்கும் முறை) நிரல் எழுதிப் பார்க்க வேண்டும் என்ற ஆசை நெடுநாளாக இருந்தது. எடுத்துக்காட்டுகளில் வரும் டோக்கன்களில், அதாவது மின் நாணயங்களில், மனம் ஒட்டவில்லை. எங்கள் பெரியப்பா பால் சொசைட்டியில் எழுதும் காலை, மாலைப் பேரேட்டையே ஒப்பந்த நிரலாக, அதாவது பிளாக்செயினில் ஏற்றப்பட்டு அங்கேயே இயங்கும் நிரலாக, எழுதுவது என்று முடிவு செய்தேன்.

முதல் இடறல் நிரலில் அல்ல. நான் பின்பற்றிய காணொளி கோர்லி என்ற சோதனை வலையமைப்பில், அதாவது உண்மைப் பணமின்றி நிரலைப் பழகும் இடத்தில், எடுக்கப்பட்டது. அதுவோ 2024இல் மூடப்பட்டுவிட்டது. அதற்கு முன்பே ராப்ஸ்டென், ரிங்க்பி என்ற சோதனை வலையமைப்புகளும் போய்விட்டன. ஈதரியம் என்ற பிளாக்செயினில் நிரலைச் சோதிப்பவர்கள் இப்போது பயன்படுத்துவது செபோலியா. அதை அடையாளம் காட்டும் சங்கிலி எண் 11155111. மெட்டாமாஸ்க் என்ற பணப்பை மென்பொருளில் சோதனை வலையமைப்புகள் இயல்பாக மறைந்திருக்கும் என்பதால், அமைப்புகளில் தேடி அதை வெளியே கொண்டுவர வேண்டியிருந்தது. ஒரே முகவரி அசல் வலையமைப்பிலும் செல்லும் என்பதால், பணம் எதுவும் இல்லாத தனிக் கணக்கு ஒன்றைப் கணக்கை மீட்க உதவும் புதிய பன்னிரண்டு இரகசியச் சொற்களோடு தொடங்கியதை நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் என்பேன்.

அடுத்தது சோதனை ஈதர், அதாவது ஈதரிய நாணயத்தின் சோதனை வடிவம். இதை இலவசமாக வழங்கும் தளங்களை ஃபாசெட், அதாவது குழாய், என்கிறார்கள். முதலில் போன குழாய், அசல் வலையமைப்பில் 0.001 ஈதராவது கையிருப்பு இருந்தால்தான் திறப்பேன் என்றது; காசில்லாமல் பழகுவதற்கென்றே உள்ள இடத்தில் காசைக் காட்டச் சொல்வது எனக்கு இன்னும் விளங்கவில்லை. கடைசியில், உலாவியிலேயே கணக்கீட்டு வேலை செய்து ஈட்டிக்கொள்ளும் குழாய் ஒன்று கிடைத்தது. மடிக்கணினியின் விசிறி மாலை முழுவதும் இரைந்தது. மழை மறைவான எங்கள் சித்தூர் வட்டக் கிழக்குப் பகுதிக்காரர்களுக்குக் குழாயடியில் காத்திருப்பது ஒன்றும் புதிதல்லவே.

நிரல் எழுதும் கருவியான ரீமிக்ஸ் உலாவியிலேயே இயங்குவதால் நிறுவல் வேலை எதுவும் இல்லை. ஒப்பந்த நிரல் மொழியான சாலிடிட்டியில் தசமப் புள்ளி எண்கள் பயன்பாட்டில் இல்லாததால், கொழுப்பு 4.2 என்பதை 42 என்றும், மூன்றரை லிட்டரை 3500 மில்லி என்றும் மாற்றி எழுதினேன். சொசைட்டியின் பெயராக எங்கள் ஊர்ப் பெயரைத் தமிழில் கொடுத்ததும், நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பி பிழை காட்டியது: ஆங்கிலம் அல்லாத எழுத்துகளுக்கு மேற்கோள்குறிக்கு முன்னால் யூனிகோடு என்ற சொல்லைச் சேர்க்க வேண்டுமாம். சேர்த்துச் செபோலியாவில் ஏற்றினேன். பன்னிரண்டு விநாடிக்கு ஒரு கட்டம் (பதிவுகளின் ஒரு தொகுதி) சேரும் என்பதால் உடனே உறுதியானது. ஆனால் எரிவாயு, அதாவது நிரல் செய்யும் வேலைக்கு வலையமைப்பு வாங்கும் கட்டண அலகு, அதன் செலவு முன்பு ஆங்கிலப் பெயரோடு ஏற்றியதைவிடக் கணிசமாகக் கூடியிருந்தது.

காரணத்தைத் தேடித்தான் ஓர் இரவு போயிற்று. கொழிஞ்சாம்பாறை என்பது நம் கண்ணுக்கு ஏழு எழுத்து. யூனிகோடில் அது பதினான்கு குறியீடு. குறியீடு ஒன்றுக்கு மூன்று பைட் வீதம் நாற்பத்திரண்டு பைட். ஒப்பந்தத்தின் சேமிப்பில் ஓர் அறை 32 பைட் கொண்டது. 31 பைட்டுக்கு உட்பட்ட சரம் (எழுத்துத் தொடர்) ஒரே அறையில் அடங்கிவிடும். அதைத் தாண்டினால் நீளத்துக்கு ஓர் அறையும் எழுத்துகளுக்கு வேறு அறைகளும் தேவைப்படும் என்பதால், எங்கள் ஊர்ப் பெயர் மூன்று அறைகளைப் பிடித்துக்கொண்டது. வெற்று அறை ஒன்றை முதன்முறை நிரப்ப 22,100 எரிவாயு ஆகிறது. மலையாளத்தில் எழுதினாலும் இதே கதிதான். ஆகவே சேமிப்பில் சொசைட்டிக்கு எண் மட்டும் வைத்து, பெயரை நிகழ்வுப் பதிவுக்கு, அதாவது வெளியிலிருந்து மட்டும் படிக்கக்கூடிய குறிப்பேட்டுக்கு, மாற்றினேன். அங்கே பைட்டுக்கு 8 எரிவாயுதான். பால் ஊற்றுவோரின் பெயரை எங்குமே சேர்க்கவில்லை, உறுப்பினர் எண் மட்டுமே. யாரும் பார்க்கக்கூடிய, அழிக்க முடியாத இடத்தில் அடுத்தவர் பெயரை எழுதி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பெரியப்பாவிடம் காட்டியபோது அவர் கேட்டது ஒன்றே: "அழிக்கவே முடியாதுன்னா, தப்பா எழுதிட்டா என்ன பண்ணுவே கண்ணு?" அப்போதே 42க்குப் பதில் 420 என்று ஒரு வரியை ஏற்றிவிட்டிருந்தேன், விடை சொல்லத் தெரியவில்லை. அவர் தம் பேரேட்டைத் திறந்து காட்டினார். தவறான வரியின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு, பக்கத்தில் சுருக்கொப்பம், அடியில் சரியான வரி. பழையதும் படிக்கும்படியே இருந்தது.

அதையே நிரலில் செய்தேன். ஒவ்வொரு பதிவிலும், அது திருத்தும் பழைய பதிவின் எண்ணுக்கு ஓர் இடம் ஒதுக்கினேன். அதிலும் ஒரு வழுக்கல் இருந்தது: சாலிடிட்டியில் நிரப்பப்படாத எண் தானாகவே பூஜ்யமாக இருக்கும், என் முதல் பதிவின் எண்ணும் பூஜ்யம். எனவே எதையும் திருத்தாத வரிகளெல்லாம் முதல் வரியைத் திருத்துவதாகத் தோன்றின. பதிவு எண்ணை ஒன்றிலிருந்து தொடங்கி மறுபடி ஏற்றினேன். ஒப்பந்தத்துக்குப் புதிய முகவரி கிடைத்தது. கொழுப்பு 420 என்ற வரியோடு பழையது செபோலியாவில் அப்படியே கிடக்கிறது.