இலத்தி தேடி உன்னிச்சைக்கு

மட்டக்களப்பு நகரை விட்டு வலையிறவுப் பாலத்தைத் தாண்டினால் வவுணதீவு. அங்கிருந்தே காற்றின் மணம் மாறிவிடும். வாவியின் உப்பு வாடை போய், அறுத்த வயலின் வைக்கோலும் மாட்டுச் சாணமும் மணக்கத் தொடங்கும். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வளர்ந்த எனக்கு, மேற்கே உள்ள படுவான்கரை என்றால் கொக்கட்டிச்சோலைத் தேரும் எருமைத் தயிரும்தான் முதலில் நினைவுக்கு வரும். இந்த முறை போனது வேறு காரியத்துக்கு. என் தோழி விலங்கு மருத்துவர். காட்டு விலங்குகளின் உடலில் வாழும் ஒட்டுண்ணிகளைப் பற்றிப் படிப்பவள். உன்னிச்சைக் குளத்தடியில் யானை இலத்தி எடுக்கப் போகிறேன் என்றாள். நானும் வருகிறேன் என்றேன்.

ஆவணி மாதம். கச்சான் காற்று முகத்தில் நெருப்பாக அடித்தது. இந்த வெக்கையில் ஏன் போகவேண்டும், மாரி கழித்துப் போகலாமே என்று கேட்டதற்கு, இதுதான் சரியான காலம் என்றாள். மாரியில் காட்டுக்குள் கண்ட கண்ட பள்ளத்திலெல்லாம் தண்ணீர் கிடக்கும். யானைகள் சிதறித் திரியும். கோடையில் அந்தப் பள்ளங்கள் வற்றிப்போக, மானும் பன்றியும் யானையும் பட்டி எருமையும் மிஞ்சிய குளத்துக்கே வந்து சேரும். எல்லாம் ஒரே கரையில் குடித்து, ஒரே கரையில் மேய்ந்து, அங்கேயே சாணமும் போடும். ஓர் உடலில் இருக்கும் புழு இன்னோர் உடலைத் தேடிப் போக இதைவிட வசதியான இடம் இல்லை.

ஆயித்தியமலையில் தெரிந்தவர் வீட்டில் தங்கினோம். விடிய முன்பே எழும்பி, மோட்டார் சைக்கிளில் குளத்தின் மேற்கரைப் பக்கம் போனோம். வழிகாட்ட வந்தவர் அந்தப் பகுதியில் பல காலமாக எருமைப் பட்டி வைத்திருக்கும் பெரியவர். யானை எந்தப் பக்கம் நிற்கிறது, எப்போது வெளியேறியது என்பதெல்லாம் அவருக்குக் காற்றிலேயே தெரிகிறது. அவர் கை காட்டும்வரை நாங்கள் இறங்கவில்லை. வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதிக் கடிதம் பையில் இருந்தாலும், யானைக்கு அதைக் காட்ட முடியாது, ஐயா சொன்னால்தான் இறங்குவது என்று தோழி முன்பே சொல்லியிருந்தாள்.

வளர்ந்த யானை நாளொன்றுக்கு 100 கிலோவுக்கு மேல் தின்னும். தின்றதில் பாதிக்கு மேல் செரிக்காமலே வெளியே வந்துவிடும். ஆகவே இலத்திக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் எல்லா இலத்தியும் உதவாது. சூடு ஆறாத, வண்டு மொய்க்காத, அன்று விடியற்காலை விழுந்ததாக இருக்கவேண்டும். கையுறை போட்டுக்கொண்டு, நிலத்தில் படாத நடுப்பகுதியைத்தான் கிள்ளி எடுக்கவேண்டும். மண்ணில் தானாக வாழும் புழுக்கள் வெளிப்பகுதியில் ஏறியிருந்தால், யானையின் புழு எது, மண்ணின் புழு எது என்று குழம்பிவிடும். ஒரே இலத்தியில் ஒரு பங்கு போர்மலினுக்குள் போகிறது, இன்னொரு பங்கு அற்ககோலுக்குள். முட்டையின் வடிவம் கெடாமல் பார்க்க போர்மலின் நல்லது, ஆனால் அது டி.என்.ஏ.யைக் கெடுத்துவிடும்.

பெரியவர் இதையெல்லாம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “புள்ள, எருமை மெலிஞ்சு போனா வயித்துல பூச்சி எண்டு நாங்க மருந்து குடுப்பம். ஆனைக்கு ஆர் குடுக்கிற?”

“ஆனைக்குக் குடுக்கத் தேவையில்ல ஐயா. நடக்க இடம் இருந்தாக் காணும்.”

அவள் சொன்னதன் முழு அர்த்தம் எனக்கு அன்று மத்தியானம்தான் பிடிபட்டது. வீட்டு விறாந்தையில் சின்ன நுணுக்குக்காட்டியை வைத்தாள். கடைச் சோற்றுப்பை அளவு சாமான்தான் அவளுடைய ஆய்வுகூடம்: தேநீர் வடி, கண்ணாடிக் குழாய்கள், இனிக் கரையாது என்னும் அளவுக்குக் கறியுப்பைக் கரைத்த தண்ணீர். இலத்தியை அந்த உப்புத் தண்ணீரில் கலக்கி, வடித்து, குழாயின் வாய்வரை நிரப்பி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டை வைத்துவிட்டுக் காத்திருந்தோம். உருளைப் புழுக்களின் முட்டைகள் பாரம் குறைந்தவை. அடர்ந்த உப்புத் தண்ணீரில் மேலே வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். தட்டைப் புழுக்களின் முட்டைகள் பாரமானவை. அவற்றுக்கு வெறும் தண்ணீரில் அடியில் படியவிட்டுத் தேடவேண்டும்.

கண்ணை வைத்துப் பார்த்தபோது எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மெல்லிய ஓடு, அதற்குள் கருநாவல் பழம்போலப் பிரிந்து பிரிந்து வளரும் உயிர். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒன்றல்ல, பார்க்கும் இடமெல்லாம். இந்த யானைக்கு வருத்தமா என்று கேட்டேன். இல்லை என்றாள். காட்டில் நன்றாக வாழும் யானைக்குள்ளும் புழு இருக்கும். புழுவே இல்லாத காட்டு யானையைக் கண்டால்தான் அவள் ஆச்சரியப்படுவாளாம். முட்டையைப் பார்த்து இது எந்த வகைப் புழு என்று உறுதியாகச் சொல்லவும் முடியாது, பல வகைகளின் முட்டைகள் ஒன்றுபோலவே இருக்கும். குஞ்சு பொரிக்கவைத்துப் பார்க்கவேண்டும், அல்லது டி.என்.ஏ. பார்க்கவேண்டும்.

யானைக்கென்றே ஒரு தனி உலகம் இருக்கிறது. ஈரலின் பித்தக் குழாயில் வாழும் பசியோலா ஜாக்சனி என்ற தட்டைப் புழு ஆசிய யானைக்கே உரியது. 1869ல் கொபோல்ட் என்ற ஆங்கிலேயர் விவரித்தது. அது மிஞ்சினால் யானை இரத்தம் குறைந்து, உடம்பு வீங்கி, மெலிந்துவிடும். அதே கொபோல்டின் பெயரைத் தாங்கிய ஈ ஒன்று தந்தத்தின் அடியில் முட்டை இடும், அதன் புழு யானையின் வயிற்றுக்குள் வளரும். நீண்ட மூக்கு உள்ள பேன் ஒன்று யானையின் தடித்த தோலையும் துளைத்து இரத்தம் குடிக்கும். இன்னொன்று இரத்தக் குழாய்க்குள்ளேயே வாழும் தட்டைப் புழு. 1945ல் முதலியார், இராமானுஜாச்சாரி என்ற இரண்டு இந்திய ஆய்வாளர்கள் அதை யானை ஒன்றிலிருந்து எடுத்து விவரித்தார்கள். இலங்கை யானைகளிலும் அது இருக்கிறது என்பது 2004ல்தான் ஆய்விதழில் வந்தது. அறுபது வருசம்! அதுவரை அந்தப் புழு நம்முடைய யானைகளுக்குள் சத்தமில்லாமல் வாழ்ந்திருக்கிறது, தேடிப் பார்க்க ஆள் இல்லை.

சரி, இவ்வளவும் உள்ளே இருந்தும் யானை எப்படி நிமிர்ந்து நடக்கிறது? நடப்பதால்தான். இன்று இலத்தி போட்ட இடத்தை விட்டு நாளை வெகுதூரம் போய்விடும். முட்டையிலிருந்து வந்த குஞ்சுப் புழு புல்லில் ஏறிக் காத்திருந்தாலும், தின்ன வாய் வருவதில்லை. வெயில் அதைக் கொன்றுவிடும். இலத்தியை உருட்டிப் புதைக்கும் வண்டுகளும் பெரிய வேலை செய்கின்றன. மாடுகளுக்குப் போடும் சில பூச்சி மருந்துகள் சாணத்தோடு வெளியேறி அந்த வண்டுகளின் குஞ்சுகளை அழிக்கும் என்று தோழி சொன்னபோது பெரியவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, முன்பெல்லாம் விடியும்போது சாணத்தில் வண்டுச் சத்தம் கேட்கும், இப்போது குறைவு என்றார். இப்படிப்பட்டவர்கள் சொல்வதை யாராவது ஒழுங்காக எழுதி வைக்கவேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். பட்டிக்காரரைவிட அந்தக் கரையை நாள்தோறும் பார்ப்பவர் யார்?

நடக்க இடம் சுருங்கும்போதுதான் கணக்கு மாறுகிறது. வேலி, வயல், குடியிருப்பு, மின்கம்பி என்று நாலு பக்கமும் அடைத்தால் யானை ஒரே குளத்தைச் சுற்றிச் சுற்றி வரும். தன் இலத்தி விழுந்த புல்லையே திரும்பத் தின்னும். பசியால் மெலிந்த உடம்பில் அதே புழுக்கள் நோயாக மாறும். யானை வேலியை நாம் பயிர்க் காவலாக மட்டும் பார்க்கிறோம், அதற்கு உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதில்லை.

புழுவோடு முடிகிற கதையும் இல்லை. எருமைக்கும் மாட்டுக்கும் வரும் தொண்டை அடைப்பான் படுவான்கரையில் எல்லாப் பட்டிக்காரருக்கும் தெரிந்த பெயர். காய்ச்சல் வந்து, தொண்டை வீங்கி, மூச்சுத் திணறி, ஒரு நாளுக்குள் விலங்கு விழுந்துவிடும். அதே கிருமியால் ஒரு காட்டு யானை இறந்ததை 1965லேயே இலங்கை விலங்கு மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். காசநோயால் ஒரு காட்டு யானை இறந்ததை உறுதிசெய்த அறிக்கை 2014ல் வந்தது. யானைகளில் பெரும்பாலும் காணப்படுவது மனிதருக்குக் காசநோய் தரும் அதே கிருமிதான். காட்டிலிருந்து நமக்கு நோய் வரும் என்று பயப்படும் நாம், நம்மிடமிருந்து காட்டுக்குப் போவதை நினைப்பதே இல்லை. எலிக்காய்ச்சலும் அப்படித்தான் எல்லை பார்க்காது. எலியின் சிறுநீரிலும் மாடு எருமையின் சிறுநீரிலும் வரும் கிருமி வயல் சேற்றில் கலந்து, காலில் உள்ள சின்னக் காயம் வழியாக விவசாயிக்குள் போகிறது. விதைப்புக் காலத்தில் சுகாதாரப் பரிசோதகர்கள் தரும் மாத்திரையைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள்.

குளத்தடி மருத மரத்தில் குரங்குக் கூட்டம் ஒன்று இருந்தது. தலையில் தொப்பி வைத்தாற்போல மயிர் வளரும், இலங்கைக்கே உரிய குரங்கு. அதன் இரத்தத்தில் வாழும் மலேரியா ஒட்டுண்ணிகளை 1965ல் திசாநாயக்க, நெல்சன், கார்ன்ஹாம் ஆகியோர் விவரித்தார்கள். எங்கள் அப்பம்மா காலத்தில் படுவான்கரையில் மலேரியா வராத வீடு இல்லை என்பார்கள். 2016ல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது. மனிதரிடம் அது முடிந்துபோனது பெரிய சாதனை. ஆனால் குரங்குகளின் மலேரியா குரங்குகளுக்கே உரிய வேறு இனங்கள், அவற்றின் வாழ்வு காட்டுக்குள் தனியாக நடந்துகொண்டிருக்கும். மலேசியாவில் குரங்கு மலேரியா ஒன்று மனிதருக்கும் வருவதால், இங்கேயும் ஆட்கள் ஒரு கண் வைத்திருப்பது நல்லது என்றாள் தோழி.

அடுத்துக் கல்முனை, காரைதீவு, சம்மாந்துறை வழியாக அம்பாறைக்குப் போனோம். வழியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, காரைதீவுச் சந்தியில் குடித்த இஞ்சித் தேநீரைத் தவிர. நாங்கள் பார்க்கப் போனது பள்ளக்காட்டுக் குப்பை மேட்டை. படங்களில் பார்த்திருப்பீர்கள். குப்பைக்கு நடுவே யானைகள் நின்று பொலித்தீன் பைகளைப் பிரித்துத் தின்னும். எட்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 20 யானைகள் அங்கே பிளாஸ்டிக் தின்று இறந்ததாக 2022 தொடக்கத்தில் செய்தி வந்தது. பிரேதப் பரிசோதனையில் வயிற்றுக்குள் பொலித்தீனும் உணவு சுற்றிய தாள்களும் தண்ணீருமே இருந்தன, யானை வழக்கமாகத் தின்னும் எதுவும் இல்லை. எல்லோரும் பிளாஸ்டிக்கைப் பற்றித்தான் பேசுகிறார்கள், பேசவும் வேண்டும். ஆனால் தோழியின் கண் வேறு இடத்தில் இருந்தது. யானையும் தெருநாயும் மாடும் காகமும் அழுகிய சோற்றுக்காக ஒரே மேட்டில் தோளோடு தோள் நிற்கின்றன. காட்டில் ஒன்றை ஒன்று விலகி நடக்கும் விலங்குகளை நாமே கூட்டிவந்து ஓர் இடத்தில் நிறுத்தியிருக்கிறோம். மனித எச்சிலும் அந்தக் குப்பைக்குள் இருக்கிறது. எனக்கு அந்த இடத்தில் கோபம்தான் வந்தது, இன்னும் ஆறவில்லை.

இங்கினியாகலைக்குப் போனது மனதை ஆற்றிக்கொள்ள. 1949ல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் கட்டிய சேனநாயக்க சமுத்திரமும், 1954ல் அறிவித்த கல்லோயாத் தேசிய பூங்காவும் அங்கே. படகில் போனால் யானைகள் தீவுக்குத் தீவு நீந்துவதைப் பார்க்கலாம். நாங்களும் தூரத்தில் தும்பிக்கை மட்டும் தெரிய நீந்திய ஒரு தனியனைக் கண்டோம். காலைப் படகுதான் நல்லது, மத்தியானக் காற்றில் தண்ணீர் கொந்தளிக்கும்.

அம்பாறை பஸ் நிலையத்தில் தோழி தன் குளிர்ப்பெட்டியோடு கண்டி பஸ் ஏறினாள். நாட்டில் விலங்கு மருத்துவ பீடம் கண்டிக்குப் பக்கத்துப் பேராதனையில் மட்டும்தான். மஹா ஓயா, மஹியங்கனை, பதினெட்டு வளைவு எல்லாம் கடந்து போகவேண்டும். இலத்திக்குப் போர்மலின் இருக்கிறது, தாங்கும். ஆனால் உன்னிச்சைக் காட்டுக்குள் ஒரு யானை நோயால் விழுந்தால், இந்த வெயிலில் அதன் ஈரலும் இரத்தமும் அவ்வளவு தூரம் தாங்காது. காரணம் தெரியாமலே அந்த யானை புதைக்கப்படும். நாட்டில் 2023ல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் இறந்தன. யானை அதிகம் வாழும் கிழக்கிலேயே, காட்டு விலங்கின் மாதிரியை அன்றைக்கே வாங்கிப் பார்க்கும் ஆய்வுகூடமும் ஆட்களும் வேண்டும். வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன, படிக்க ஆசைப்படும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். பட்டிக்காரப் பெரியவரின் பேத்தி ஒருத்தி அன்று விறாந்தையில் நுணுக்குக்காட்டியை விட்டு எழும்பவே மறுத்தாள்.